மரமா, பாலமா

மேலூரிலிருந்து எட்டு பத்துக்கு வரும் பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்காது. நிற்காது என்றால் ஊரைத் தாண்டிப் பறந்துவிடும் என்று அர்த்தமில்லை. நிற்கும், ஆனால் நிறுத்தத்தில் நிற்காது. நிறுத்தம் என்பது டீக்கடைக்கு எதிரே நட்டு வைத்திருந்த ஒரு தகரப் பலகை. அதற்கு நூற்றைம்பது தப்படி இந்தப் பக்கம் ஒரு புளியமரம். நூற்றைம்பது தப்படி அந்தப் பக்கம் வாய்க்கால் பாலம். பஸ் ஒன்று மரத்தடியில் நிற்கும், இல்லையென்றால் பாலத்தில் நிற்கும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மேலூரிலிருந்து இரண்டு டீச்சர்கள் அதில் வந்தார்கள். அவர்களை எங்காவது இறக்கிவிட்டாக வேண்டும் என்பதால்தான் அந்த நிற்றலும். அவர்கள் இறங்கி முடிப்பதற்குள் நாங்கள் போய்ச் சேர்ந்தால் ஏறலாம். சேராவிட்டால் கண்டக்டரின் விசிலும் புழுதியும்தான்.

பேண்ட் போட்ட பையன்கள் ஓடிப் போய்த் தொற்றிக்கொள்வார்கள். பூக்கூடை, பால்கேன், தாவணி, சேலை இவற்றோடு நிற்கிறவர்கள் நூற்றைம்பது தப்படி ஓட முடியாது. நான் ஓடிப் பார்த்திருக்கிறேன். செருப்பு ஒரு பக்கம், ஜியாமெட்ரி பெட்டி ஒரு பக்கம், நான் நடுவில்.

அப்போது நான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதில்லை. ரேஷன் கார்டு முதல் உர மூட்டைச் சீட்டு வரை எங்கள் தெருவுக்கே நான்தான் படித்துச் சொன்னேன். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. மறைக்க வேண்டிய காரணம் எதுவும் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கடைசிப் பருவத்தில் ஒரு நாள் கல்லூரி அலுவலகத்தின் முன் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். வருகைப் பதிவு குறைந்தவர்கள் பட்டியல். என் பெயர் மூன்றாவதாக இருந்தது. உள்ளே போய்க் கேட்டேன். கண்ணாடிக்கு மேல் வழியாகப் பார்க்கும் கிளார்க் ஒருவர் இருந்தார்.

"இன்னும் இருபத்து நாலு நாள் காலேஜ் இருக்கு. அதுல ஆறு நாள் வரைக்கும் நீ விடலாம். ஏழாவது நாள் விட்டா பரீட்சை எழுத முடியாது. அடுத்த வருஷம்தான்."

"சார், நான் லீவே போடலை. லேட்டாத்தான் வந்தேன்."

"காலையில பேர் கூப்பிடறப்ப இல்லேன்னா அந்த நாளே இல்லைதான்."

அடுத்த வருஷம் என்று அவருக்குச் சொல்வது சுலபம். எங்கள் வீட்டில் அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. மூன்று வருஷம் என்று சொல்லித்தான் அப்பா அனுப்பினார். அதற்கே உறவுக்காரர்கள் எத்தனை பேருடைய வாயை அவர் அடைக்க வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். நாலாவது வருஷம் என்று போய் நின்றால் அவரே என்னைக் கட்டிக்கொடுக்கக் கிளம்பிவிடுவார்.

முந்தின பஸ்ஸில் போகலாமே என்று தோன்றும். முந்தின பஸ் விடியற்காலை ஐந்தே காலுக்கு. கேட்டுப் பார்த்தேன். "விடியறதுக்கு முன்னால எந்தக் காலேஜ்டி தொறந்திருக்கு?" என்றார் அப்பா. பேச்சு முடிந்தது. அடுத்த பஸ் ஒன்பதே கால். அதில் போனால் பெயர் கூப்பிட்டு முடித்து, பாடமும் பாதி முடிந்திருக்கும். எட்டு பத்துதான் பஸ். இருபத்து நாலு நாளில் பதினெட்டு நாள் அதில் நான் ஏறியாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் படிப்பு உதவிக்கு வந்தது. ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று ஒரு பாடம், அதன் கடைசிப் பகுதி கேம் தியரி. இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள். ஒருவருக்கு லாபம் என்றால் மற்றவருக்கு நஷ்டம். அவர் என்ன செய்யப் போகிறார் என்று இவருக்குத் தெரியாது, இவர் செய்யப் போவது அவருக்குத் தெரியாது. இருவரும் புத்திசாலிகள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்க் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி நிபந்தனை எவ்வளவு கஷ்டமானது என்று புரியும். கூடப் படித்தவர்கள் இதை மார்க்குக்காகப் படித்தார்கள். நான் வகுப்பிலேயே நோட்டின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, ஒரு பக்கம் 'நாங்கள்' என்றும் மேலே 'டிரைவர்' என்றும் எழுதினேன். நாங்கள் மரம், அவரும் மரம் என்றால் எங்களுக்கு ஜெயம். நாங்கள் மரம், அவர் பாலம் என்றால் அவருக்கு ஜெயம். பாடப் புத்தகத்தில் இரண்டு நாட்டுச் சேனைகள் இருந்தன. எனக்கு அவ்வளவு பெரிய ஆட்கள் தேவைப்படவில்லை.

டிரைவருக்கும் நாங்கள் நிற்கும் இடம் முன்கூட்டித் தெரியாது. ஊருக்கு முன்னால் ரோடு வளைகிறது, கருவேலங்காடு மறைக்கிறது. வளைவிலேயே பிரேக்கை மிதித்தால்தான் மரத்தடியில் நிற்கும். மிதிக்காமல் திரும்பினால் பாலம்தான்.

பத்து நாளாகப் பஸ் நின்ற இடத்தையும் கூட்டம் நின்ற இடத்தையும் நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தேன். உடனே பளிச்சென்று தெரிந்தது. நேற்று நாங்கள் எங்கே நின்றோமோ, இன்று அங்கே அவர் நிறுத்துவதில்லை. அவ்வளவுதான் அவருடைய சூட்சுமம்.

மறுநாள் காலை நிறுத்தத்தில் இதை அறிவித்தேன். முதலில் சொன்னது பூக்கார அத்தையிடம். அத்தை தினமும் மல்லிகைக் கூடையோடு மதுரை பூ மார்க்கெட்டுக்குப் போகிறவள். எட்டு பத்து போய்விட்டால் அவளுடைய பூ மார்க்கெட்டுக்குப் போவதற்குள் வாய் திறந்துவிடும், விலை படுத்துவிடும். கூட்டத்தில் அவள் சொன்னால்தான் எடுபடும்.

"அத்தை, நேத்து நாம மரத்தடியில நின்னோம். இன்னிக்கு அவரு பாலத்துல நிறுத்துவாரு. எல்லாரும் பாலத்துக்குப் போவோம்."

"ஒனக்கு யாரு சொன்னது? டிரைவரு சொன்னானா?"

"கணக்கு சொல்லுச்சு."

"கணக்கு பேசுமாக்கும்," என்றாள் அத்தை. ஆனாலும் கூடையைத் தூக்கினாள். அவள் நடந்ததும் முப்பது பேரும் நடந்தார்கள்.

பஸ் பாலத்தில் நின்றது. மறுநாள், நேற்று பாலத்தில் நின்றோம், ஆகவே மரம் என்றேன். மரத்தில் நின்றது. பால்கேன் இரண்டைத் தூக்கி ஏற்றிக்கொண்டே பால்கார அண்ணன் சொன்னார்: "தங்கச்சி, நீ படிச்ச படிப்பு வீண் போகலை." நான் ஜன்னலோரமாக நின்றுகொண்டு, இந்தப் பாராட்டு எனக்கு ரொம்பப் பழக்கம் என்கிற மாதிரி வயலைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அவர் மாற்றிவிட்டார். நாங்கள் பாலத்தில், பஸ் மரத்தில். நான் கண்டுபிடித்ததை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. அதனால் நாலாம் நாள், நான் மாற்றுவேன் என்று அவர் நினைப்பார், ஆகவே மாற்றக் கூடாது என்று யோசித்து, மறுபடி பாலத்திலேயே நிற்கச் சொன்னேன். பஸ் மறுபடி மரத்தில் நின்றது. டீச்சர்கள் இருவரும் இறங்கி எங்களைக் கடந்து பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "ஏம்மா, தினமும் இங்கிட்டும் அங்கிட்டும் நடக்கிறீங்களே, உடம்புக்கு நல்லதுன்னா?" என்று கேட்டார்.

ஆறில் இரண்டு போயிற்று.

அன்று ஒன்பதே கால் பஸ்ஸில் உட்கார்ந்து பாடத்தைத் திரும்பப் படித்தேன். எதிராளி யோசிக்கிறவனாக இருந்தால் நாம் யோசித்து ஜெயிக்க முடியாது. அவனும் நம்மை யோசித்துவிடுவான். ஒரே வழி, நாமே அறியாத மாதிரி நடப்பது. காசைச் சுண்டிப் போட்டு முடிவு செய்வது. நமக்கே தெரியாததை டிரைவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

காலையில் நாலணாக் காசை எடுத்துக் காட்டினேன். "தலை விழுந்தா மரம். பூ விழுந்தா பாலம்."

கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் பேசியது. "காசைச் சுண்டிப் பஸ் ஏறவா?" "சூதாட்டமால்ல இருக்கு." "ரெண்டு நாள் சரியாச் சொல்லுச்சு, இப்ப சரக்குத் தீந்துருச்சு போல."

அத்தை கையமர்த்தினாள். "ஏப்பா இருங்க. அவ என்ன கேக்குறா? மரமா பாலமான்னு தெரியலை, அதானே? தெரியாததுக்குத்தானே சாமிகிட்ட பூக் கேக்குறது?"

கல்யாணத்துக்கு, கிணறு வெட்ட, வைத்தியம் பார்க்க எங்கள் பக்கத்தில் சாமியிடம் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். டீக்கடைக்குப் பக்கத்தில் பிள்ளையார் இருந்தார். அத்தையின் கூடையில் மல்லிகை இருந்தது. செவ்வரளி வாய்க்கால் ஓரத்தில் வேண்டிய மட்டும் இருந்தது. வெள்ளை என்றால் மரம், சிவப்பு என்றால் பாலம். பஸ் ஏறாத ஆள்தான் எடுக்க வேண்டும், அப்போதுதான் நியாயம் என்றார்கள். டீக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. இரண்டு பொட்டலத்தில் ஒன்று என்றால் பாதிக்குப் பாதி. காசும் அதைத்தான் செய்யும். பிள்ளையாருக்குக் கணிதத்தில் குறை சொல்ல முடியாது.

முதல் நாள் வெள்ளை வந்தது. மரத்தடிக்குப் போனோம். பஸ் மரத்தடியில் நின்றது. இரண்டாம் நாளும் பலித்தது. மூன்றாம் நாளும் பலித்தது. மூன்று நாள் தொடர்ந்து பலிப்பதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு, இது ஒன்றும் அதிசயமில்லை என்று நான் பஸ்ஸுக்குள் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "சாமி விஷயத்துல எட்டு, பத்துன்னு பேசாதே தாயி" என்று என் வாயைப் பொத்தப் பார்த்தார். அன்று பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றப்பட்டது. எனக்கு எதுவும் ஏற்றப்படவில்லை.

நாலாம் நாள் சிவப்பு வந்தது. பாலத்தில் நின்றோம். பஸ் மரத்தடியில் நின்று, டீச்சர்களை இறக்கிவிட்டு, எங்களைத் தாண்டிப் பாலத்தின் மேலேயே போயிற்று. டிரைவர் ஹாரன் கூட அடித்தார்.

சாமி தப்பாகச் சொல்லாது. ஆகவே தப்பு வேறு எங்கோ இருக்க வேண்டும். விசாரணை தொடங்கியது.

"யாரோ கவுச்சி தின்னுட்டு வந்திருக்கீக. உள்ளதைச் சொல்லிப்புடுங்க."

"நேத்து வீட்டுல அயிரை மீனு. ஆனா குழம்பு மட்டுந்தான் ஊத்திக்கிட்டேன்," என்றார் பால்கார அண்ணன்.

"குழம்பு மட்டுமாம். மீனு நீந்துன தண்ணிதானே அது?"

அடுத்த நாளிலிருந்து பால்கார அண்ணன் பூக் கேட்டு முடியும்வரை தள்ளி நிற்க வேண்டும் என்று தீர்ப்பானது. அவரைத் தள்ளி நிறுத்திய முதல் நாளே பஸ் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு யார் என்ன சொல்லியும் பயனில்லை. மீனுக்கும் பஸ்ஸுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று ஊரில் இன்றும் நம்புகிறவர்கள் உண்டு.

அடுத்த சிக்கல் இருபத்து நாலில் பத்தாவது நாள் வந்தது. மூன்றாவது முறையாகத் தொடர்ந்து சிவப்பு.

"திரும்பத் திரும்பப் பாலமா? சாமி நல்லாப் பார்க்கலை. இன்னொருக்கா போடுங்க."

"அதெல்லாம் கூடாது," என்றேன். "நேத்து என்ன வந்துச்சுன்னு பொட்டலத்துக்குத் தெரியாது. இன்னிக்கு வந்தது இன்னிக்கு."

"பொட்டலத்துக்குத் தெரியாது. சாமிக்குத் தெரியும்ல?"

மூன்று தடவை எடுத்து, எது இரண்டு தடவை வருகிறதோ அதுதான் சாமி வாக்கு என்று முடிவு செய்தார்கள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மூன்றில் இரண்டு என்று எடுத்தாலும் மரத்துக்குப் பாதி, பாலத்துக்குப் பாதிதான் வருகிறது. கெடுதல் இல்லை, ஆகட்டும் என்று அனுமதித்தேன். ஆனால் மூன்று தடவை எடுத்து, ஒவ்வொரு தடவையும் கும்பிட்டு, விவாதித்து முடிப்பதற்குள் பஸ் வந்து மரத்தடியில் நின்று போய்விட்டது. நாங்கள் எல்லோரும் பிள்ளையார் முன்னால் இருந்தோம். அடுத்த நாள் ஒரே தடவைதான் எடுத்தார்கள். அதுவும் பலிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். பதினொரு நாள் முடிந்திருந்தது. ஐந்து நாள் விட்டுவிட்டேன். பாக்கி பதின்மூன்று நாள், அதில் ஒரே ஒரு நாள்தான் விடலாம். தினமும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால், பதின்மூன்றில் பன்னிரண்டாவது கிடைப்பதற்கு எவ்வளவு? விடை வந்ததும் பென்சிலை வைத்துவிட்டேன். ஏறக்குறைய அறுநூற்றில் ஒன்று.

என் திட்டத்தில் பிழையே இல்லை. பாடப் புத்தகம் சொன்ன மிகச் சிறந்த வழியை அப்படியே செய்தேன். அந்த மிகச் சிறந்த வழி கொடுக்கக்கூடியது பாதி. எனக்கு வேண்டியதோ முக்கால். இருபத்து நாலில் பதினெட்டு முக்கால் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். முப்பது பேரை மரத்துக்கும் பாலத்துக்கும் நடத்திய அவசரத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. அம்மா தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, "என்னடி பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றாள். "கணக்கு சரியா வந்துருச்சும்மா," என்றேன். "அதுக்கு எதுக்கு அழுகுறே?" என்றாள்.

மறுநாள் வெள்ளை வந்து மரத்தடியில் பஸ் கிடைத்தது. கூட்டத்தில் என்னை முன்னால் தள்ளித் தள்ளி டிரைவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். எஞ்சின் மூடியின் சூடு சேலையைத் தாண்டி வந்தது. அவரை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். நெற்றி நிறைய விபூதி, காதில் ஒரு கனகாம்பரம். எதிராளி என்று நோட்டில் எழுதி வைத்திருந்த ஆள், வீட்டுக்கு வரும் பெரியப்பா மாதிரி இருந்தார்.

"உங்க ஊருக்காரவுக எங்க நிப்பீகன்னு கண்டுபிடிக்கவே முடியலை தாயி," என்று அவரே ஆரம்பித்தார். "முன்னெல்லாம் எனக்குத் தெரிஞ்சுரும். இப்ப கொஞ்ச நாளா பிடிபட மாட்டேங்குது."

"அண்ணே, நீங்க எங்க நிறுத்துவீகன்னும் எங்களுக்குப் பிடிபடலை."

அவர் சிரித்தார். "எனக்கே தெரியாது. வளைவு வர்றப்ப கண்டக்டரு கடைசியாக் கிழிச்ச டிக்கெட்டு நம்பரைச் சொல்லுவாரு. ஒத்தைன்னா மரம். ரெட்டைன்னா பாலம்."

நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்ததை இவர் செய்துகொண்டிருக்கிறார். கேம் தியரி படிக்காமல், வகுப்புக்கு வராமல், வருகைப் பதிவு இல்லாமல். நாங்கள் பூப் போடுகிறோம், அவர் ஒத்தையா ரெட்டையா பார்க்கிறார். இரண்டு பக்கமும் துளி பிசகில்லாமல் ஆடுகிறோம். இனி யாரும் யாரையும் மிஞ்ச முடியாது. இதைவிட அழகாக அந்தப் பாடத்துக்கு ஒரு உதாரணம் உலகத்தில் கிடைக்காது. அந்த உதாரணத்தால் நான் பரீட்சை எழுதப் போவதில்லை.

"அண்ணே," என்றேன். "எதுக்காக இந்தப் பாடு? நிறுத்தத்துலயே நிறுத்தினா என்ன?"

"நிறுத்துனா என்ன ஆகும்னு தெரியாதா? முப்பது பேரும் முன் வாசல்லயே மோதுவீக. கூடை ஒரு பக்கம் சிக்கும், கேன் ஒரு பக்கம் சிக்கும். நாலு நிமிஷம் போயிரும். மதுரையில நேரத்துக்குப் போய் நிக்கலேன்னா எனக்கு மெமோ. இந்த வருஷத்துல ரெண்டு வாங்கியாச்சு. மூணாவது வாங்குனா ராத்திரி டூட்டிக்கு மாத்திருவாங்க. உங்க மேல எனக்கென்ன கோவம்?"

நோட்டில் நான் போட்ட கட்டமே தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. எங்களுடைய லாபம் அவருக்கு நஷ்டம் என்று எழுதியிருந்தேன். அவருக்கு எங்களை விட்டுவிட்டுப் போவதில் ஒரு சந்தோஷமும் இல்லை. அவருக்கு வேண்டியது அந்த நாலு நிமிஷம். எங்களுக்கு வேண்டியது பஸ்.

"ஒரு நிமிஷத்துல எல்லாரும் ஏறினா நிறுத்துவீகளா?"

"ஒரு நிமிஷத்துலயா? உங்க ஊருக்காரவுகளா?" அவர் பின்னால் திரும்பிக் கண்டக்டரைப் பார்த்தார். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். மதுரையில் கோரிப்பாளையத்தில் நான் இறங்கும்போது சொன்னார்: "சரி தாயி. திங்கக்கிழமை நிறுத்துறேன். ஒரு நிமிஷம் தாண்டுச்சோ, மறுநாள்லேர்ந்து பழைய கதைதான்."

நடுவில் இருந்த சனிக்கிழமையும் கல்லூரி உண்டு. பூ சொன்ன இடத்தில் நின்றோம். பஸ் அங்கே நிற்கவில்லை. ஆறாவது நாளும் போயிற்று. இனிப் பதினொரு நாள். ஒன்றைக் கூட விட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடை முன்னால் எல்லோரையும் கூட்டினேன். கூடையும் கேனும் பின்வாசல், கையை வீசி வருகிறவர்கள் முன்வாசல், வரிசையாக நின்று வரிசையாக ஏற வேண்டும் என்றேன். கூடை, கேன் வரை எல்லோரும் தலையாட்டினார்கள். வரிசை என்றதும் நின்றுவிட்டது.

"வரிசைன்னா முதல்ல யாரு நிக்கிறது?"

"யாரு வேணா நிக்கலாம்."

"அதெப்படி? கோயில்ல முதல் மரியாதை யாருக்கோ அவுக நிக்கட்டும்."

"இங்க என்ன பரிவட்டமா கட்டப் போறாக? பஸ்ஸுதானே வருது?"

"நான் அவனுக்குப் பின்னால நின்னேன்னு நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவான்."

அரை மணி நேரம் இதே பேச்சு. பரீட்சை, டிரைவர், மெமோ எல்லாம் போய், பல வருஷம் முன்னால் நடந்த ஒரு தேர் வடத் தகராறுக்கு வந்து நின்றது. நான் எழுந்து கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை.

தள்ளி நின்ற பால்கார அண்ணன்தான் சொன்னார். அவரை இன்னும் யாரும் பக்கத்தில் சேர்க்கவில்லை. "ஏப்பா, வாய்க்காத் தண்ணிக்கு முறை வைக்கிறோம்ல. முதல் வயலுக்காரன் பெரிய ஆளா, கடைசி வயலுக்காரன் சின்ன ஆளா? இன்னிக்கு முன்னால பாய்ச்சினவன் நாளைக்குப் பின்னால. அதே மாதிரி வச்சுக்கிட்டா என்ன?"

பேச்சு சட்டென்று அடங்கியது. முறைத் தண்ணீர் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முறை தாண்டினால் மண்வெட்டி எழும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். முப்பது பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தோம். இன்று முதலில் ஏறும் கூட்டம் நாளைக்குக் கடைசி. இந்த யோசனை எனக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வந்திருக்கும், இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால்.

திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்தில் நின்றது. இதைப் பார்க்கவே டீக்கடைக்காரர் அடுப்பை விட்டு வெளியே வந்தார். கண்டக்டர் இறங்கிக் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பது வினாடியில் எல்லோரும் உள்ளே. கூடையைக் கீழே வைத்துவிட்டு அத்தை சொன்னாள்: "இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தனை வருஷம் ஓடுனோம்?"

ஏழு நாள் இப்படிப் போயிற்று. எட்டாவது நாள் எங்கள் கூட்டம் கடைசி. அதிலும் நான் கடைசி ஆள். அன்று மேலூரிலிருந்தே பஸ் பிதுங்கிக்கொண்டு வந்தது. முகூர்த்த நாள். முதல் கூட்டம் ஏறியது. இரண்டாவது கூட்டம் ஏறியது. எங்கள் கூட்டத்தில் ஒன்பது பேர் ஏறி, நான் காலைத் தூக்கும்போது படியில் வைக்க இடமில்லை. ஒன்பதாவது ஆளே பாதி வெளியில் இருந்தார்.

"அடுத்த வண்டியில வாம்மா," என்றார் கண்டக்டர். விசிலை வாயில் வைத்தார்.

இருபத்தொன்பது பேரை ஏற்றிவிட்டு ரோட்டில் நிற்கப் போகிறேன். வரிசை என்று சொன்ன நானே வரிசையைத் தாண்டி இடிக்க முடியாது.

பின்வாசலிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "டிரைவரண்ணே! அந்தப் புள்ளைய விட்டுட்டு வண்டியை எடுத்தீகன்னா, நாளையிலேர்ந்து அம்புட்டுக் கூடையும் முன் வாசல்லதான் ஏறும். நாலு நிமிஷமில்ல, நாப்பது நிமிஷம் ஏறுவோம். சொல்லிப்புட்டேன்."

"கேனும்தான்," என்றார் பால்கார அண்ணன்.

மிரட்டல் என்று பாடத்தில் தனியாக ஒரு பத்தி உண்டு. மிரட்டுகிறவர் சொன்னதைச் செய்வார் என்று எதிராளி நம்பினால்தான் அது பலிக்கும் என்று அதில் இருக்கும். அத்தையின் முகத்தைப் பார்த்த யாரும் நம்பாமல் இருக்க மாட்டார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். வலது கையை நீட்டித் தன் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இங்கிட்டு வா தாயி. சீக்கிரம்."

அந்தக் கதவின் படி என் இடுப்பு உயரத்தில் இருந்தது. நோட்டுப் புத்தகத்தை முதலில் அவர் மடியில் எறிந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து, அவருடைய முழங்காலை மிதித்து, கியர் கம்பியைத் தாண்டி எஞ்சின் மூடியில் போய் விழுந்தேன். பஸ் முழுக்க ஓவென்று கத்தினார்கள். என்னைக் கேலி செய்யத்தான் கத்தினார்கள். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு வேறு மாதிரி கேட்டது. கோரிப்பாளையம் வரை அந்த மூடியில் உட்கார்ந்து வந்தேன். கல்லூரியில் மூன்று மணி நேரம் உட்கார முடியவில்லை. பெயர் கூப்பிட்டபோது நின்றுகொண்டே "பிரசென்ட்" சொன்னேன்.

மீதி மூன்று நாளும் வரிசை நின்றது. அதற்கு அடுத்த நாளும் நின்றது என்றும், அதற்கும் அடுத்த நாள் ஒரு கல்யாணக் கோஷ்டி நடுவில் புகுந்து எல்லாம் சிதறிப் போயிற்று என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அதாவது பன்னிரண்டு நாள் நின்ற வரிசை. எனக்கு வேண்டியது பதினொன்று.

ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளில் அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் என் பெயரைத் தேடி எடுத்து, கடைசி இருபத்து நாலு நாள் வருகைப் பதிவைக் கூட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கூட்டினார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. மூன்றாவது தடவை விரல் விட்டுக் கூட்டினார்.

"சரியா எல்லையில நிக்கிறியேம்மா. ஒரு நாள் குறைஞ்சிருந்தா போச்சு. எப்படி இப்படி ஒரு நாள் கூடாம, ஒரு நாள் குறையாம வந்தே?"

"கணக்குப் போட்டுத்தான் சார் வந்தேன்," என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஹால் டிக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு மறுபடி பதிவேட்டின் மேல் குனிந்தார். நான் கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டேன்.

"இன்னொரு தடவை வேணும்னாலும் கூட்டிப் பாருங்க சார். பதினெட்டுதான் வரும்," என்றேன்.